அமாவாசை மதியத்தில் எரிந்த குழல்கள்

எங்கள் ஊரில் ராக்கெட் மோட்டாரைச் சோதித்துப் பார்க்க அமாவாசையை விட்டால் வேறு நாள் கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். காரணம் சாதாரணமானது. மற்ற நாட்களில் ஆரணியின் நெசவுத் தெருக்களில் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். காலுக்கு அது பழகிவிட்டதால் தெரியாது. ஆனால் மோட்டாரின் தள்ளுவிசையை அளக்கும் கருவிக்குத் தெரியும். டிஜிட்டல் தராசுக்குள் இருக்கும் அதே லோட்செல்தான் அது. அதன்மேல் ஒன்றுமே வைக்காமல் விட்டாலும் லேப்டாப் திரையில் கோடு நடுங்கும். அமாவாசையன்று தறிக்கு விடுமுறை. அன்று மட்டும் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஓடும்.

வீட்டுக்கு வீடு இறந்தவர்களுக்குப் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் நாளும் அதுதான். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது அதிர்வு இல்லாத நாள்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். நான் பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் விசைத்தறி ஓட்டுகிறான். ஐம்பதை நெருங்கும் இரண்டு ஆண்கள் காகிதக் குழலைச் சுருட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி அவன் மனைவிக்கு ஒரு கருத்து உண்டு. "பசங்க வெளையாடற வயசுல இதுங்க ரெண்டும் படிச்சிகினு இருந்திருக்கும். அதான் இப்ப வெளையாடுதுங்க." அவர் பள்ளி ஆசிரியை. நாங்கள் சோதனை செய்யும் மதிய நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார்.

பொழுதுபோக்கு ராக்கெட்டின் மோட்டாரில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஒரு குழல், அதற்குள் மருந்து, அடியில் புகை வெளியேற ஒரு சின்னத் துவாரம். அந்தத் துவாரப் பகுதியை நாங்கள் மூக்கு என்போம். மருந்தை நாங்கள் தொட்டதே இல்லை. நண்பனின் உறவினர் ஒருவர் உரிமம் உள்ள வாணக்காரர். அவர் அடைத்துத் தருவார். தீயணைப்பு நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். எங்கள் வேலை குழலும் மூக்கும் மட்டுமே. மூக்கை நான் பார்த்துக்கொண்டேன். சுட்ட களிமண்ணில் செய்த மூக்கின் உள்வளைவை, லென்ஸ் ஓரம் தேய்க்கும் சக்கரத்தில் வைத்து வழவழப்பாக்குவேன். கண்ணாடி தேய்க்கிறவனுக்கு அந்தப் பொறுமை உண்டு. குழல் அவனுடையது.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கோடு. தொடக்கத்தில் ஒரு சின்ன மேடு, பிறகு சமதரை, பிறகு இறக்கம். மோட்டார் அப்படி எரிந்தால் ராக்கெட் நேராகப் போகும். எங்கள் மோட்டார்களின் கோடு ஏலகிரி மலைப்பாதை மாதிரி இருந்தது. சாதாரணக் காகிதக் குழல் சூடு தாங்காமல் பக்கவாட்டில் பொத்துக்கொள்ளும். ஒரு ராக்கெட் புளியமரத்துக்குள் போய்ச் சொருகிக்கொண்டு, மரத்திலிருந்த கொக்குகள் அனைத்தையும் ஊரைவிட்டே துரத்தியது.

அப்போதுதான் நண்பன் பரணில் கிடந்த அட்டைகளை எடுத்து வந்தான். ஜக்கார்டு தறியில் புடவைக் கரை எப்படி வரவேண்டும் என்று தறிக்குச் சொல்லும் அட்டைகள் அவை. துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. ஒவ்வொரு அட்டையாகக் கயிற்றில் கோத்துச் சங்கிலிபோல் தொங்கவிடுவார்கள். இப்போது அவனுடைய தறிகளுக்கு டிசைன் பென்டிரைவில் வந்துவிடுகிறது. அட்டைகள் சும்மா கிடந்தன.

"பாரு, தோல் மாதிரி கீது. சுருட்டி, மேல கழிவுப் பட்டு நூல பசையில தோய்ச்சி சுத்தினா யானையே மிதிச்சாலும் ஒடையாது" என்றான்.

"இது உங்க அண்ணன் போட்ட அட்டையாச்சே. எடுக்கலாமா?"

"அண்ணியக் கேட்டேன். எலி தின்னறதுக்கு நீங்க எடுத்துக்கங்கன்னாங்க."

அவனுடைய அண்ணன் அட்டை அடிப்பவராக இருந்தார். வரைபடத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடும் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், முள்ளிப்பட்டில் ஒரு வீட்டுக்கு அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவர் மனைவியை நானும் அண்ணி என்றே கூப்பிடுவேன். அந்த வீட்டில் கீழ்ப்பகுதி அண்ணியுடையது, மாடி நண்பனுடையது. அண்ணியின் ஒரே மகளை வேலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணன் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தத் தலைமுறை ஆண்கள் பலரும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்ததும் வாசல் கேட்டருகில் நின்று தொண்டையைக் கனைப்பார். நீளமாக ஒரு கனைப்பு, நடுவில் விக்கல்போல ஒரு வெட்டு, முடிவில் குட்டையாக ஒன்று. உள்ளிருந்து "தோ வரேன்" என்று அண்ணியின் குரல் வரும். பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீருடன் அண்ணி வருவார். அவர் இறந்த மதியம், அந்தக் கனைப்புக்காக அண்ணி இலை போட்டுக் காத்திருந்தாராம்.

அட்டைக் குழலை முதன்முதலில் எரித்த அமாவாசை எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. வீட்டின் பின்பக்கம் உபயோகத்தில் இல்லாத சாயத் தொட்டி இருந்தது. கல்தொட்டி, கனமான சுவர். மோட்டாரை அதற்குள் கட்டிவிட்டு, குளியலறைச் சுவருக்குப் பின்னால் நின்று சுவிட்சை அழுத்துவோம். ஒலியைப் பதிவுசெய்ய மதில்மேல் என் கைபேசி இருக்கும். மோட்டாரில் கோளாறு இருந்தால் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும்.

நல்ல வெயில். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அடுப்படியில் அண்ணி அண்ணனுக்குப் படைக்கச் சமைத்துக்கொண்டிருந்தார். வாழைக்காய் வறுக்கும் வாசனை வந்தது. நான் சுவிட்சை அழுத்தினேன்.

வழக்கமான சீறல் வந்தது. சீறலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பியது. குரல் என்று எழுதுவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு, ஆனால் வேறு சொல் பொருந்தவில்லை. நீளமாக ஒன்று, வெட்டு, குட்டையாக ஒன்று. பின்னால் யாரோ வந்து நிற்கிறார் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன்.

"தோ வரேன்."

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல். அந்த வீட்டில் பின்கதவும் கூடமும் முன்கேட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கையில் டம்ளருடன் அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கூடத்தைக் கடந்து போவதைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தோம். கேட்டைத் திறந்தார். தெருவை இடமும் வலமும் பார்த்தார். ஆளில்லாத தெருவை நோக்கி டம்ளரைக் கொஞ்சம் நீட்டியதுபோல் எனக்குத் தோன்றியது. பிறகு திரும்பி, அதே வழியாக எங்களிடம் வந்தார். டம்ளரில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

நண்பனுக்குச் சங்கடமான நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாது. "இன்னா அண்ணி, ஒரு தபா கூப்ட்டதுக்கே பதில் சொல்லிட்டீங்க? மூணு தபா கூப்ட்டாதான பேசணும்! ஒரு தபாலயே பேசினா கூட்டிகினு பூடும்."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த நம்பிக்கைதான் அது. இருட்டியபின் வாசலில் யாராவது ஒருமுறை கூப்பிட்டால் பேசக்கூடாது. மனிதர்கள் என்றால் மூன்று முறை கூப்பிடுவார்கள். மற்றவை ஒருமுறைதான் கூப்பிடும். பதில் சொன்னவரை அழைத்துக்கொண்டு போய்விடும். பகலில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

அண்ணி சிரிக்கவில்லை. "எத்தினி தபா கூப்ட்டாரு?" என்று கேட்டார்.

"மோட்டாரு அண்ணி அது. அட்டையில எதுனா காத்து பூந்திருக்கும்."

"ஒரு தபாதான" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். டம்ளரை மதில்மேல், காகத்துக்கு வைத்த சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று காகம் வரவில்லை. புகை காரணமாக இருக்கலாம்.

அன்றைய கோடு எங்கள் மோட்டார்களிலேயே மோசமானது. ரம்பப் பல்போல் ஏறி இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் பல் அறுந்து, சிறிய இடைவெளி விட்டு, மறுபடி தொடங்கியது.

ஒருமுறை எடுத்த அளவு அளவல்ல என்பது என் கொள்கை. கண் பரிசோதனையில்கூட இரண்டாம் முறை படிக்கச் சொல்லாமல் லென்ஸ் எண் எழுதமாட்டேன். அடுத்த அமாவாசையில் அதே கட்டிலிருந்து எடுத்த அட்டையில் இன்னொரு குழல் செய்தோம். நாங்கள் போனபோது அண்ணி பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சமையல் முடிந்திருந்தது. தலையில் பூ இல்லை என்பதைத் தவிர, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல் இருந்தார். கரை போட்ட நல்ல பட்டு உடுத்தியிருந்தார்.

"இங்க இன்னாத்துக்கு அண்ணி, உள்ள போங்க. பொகை வரும்" என்றான் நண்பன்.

"பொகைதான. வரட்டும்."

மோட்டார் எரிந்தது. அதே இடத்தில் அதே கனைப்பு. இம்முறை அண்ணி கேட்டுக்குப் போகவில்லை. சாயத் தொட்டியைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டி, "வரேன்" என்றார். நிதானமாகச் சொன்னார். பழக்கத்தில் வாய்தவறி வந்த பதில் இல்லை அது. பிறகு எங்களைப் பார்த்து, ஒரு வேலையை முடித்தவர்போல, "சொல்லிட்டேன்" என்றார்.

சில நாள் கழித்து நண்பன் என் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தான். அவன் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணி பொண்ணுக்கு ஏழாவது மாசம் நடக்குது. வளகாப்பு பண்ணி இங்கதான கூட்டியாரணும்? அண்ணி போனப் போட்டு, 'பிரசவத்த உங்க மாமியார் வீட்லயே வெச்சிக்கோ'ன்னுட்டாங்க. வாங்கி வெச்ச வளையலெல்லாம் ஆள்கிட்ட குடுத்தனுப்பிட்டாங்க. அது அங்க போன்ல ஒரே அழுவ."

"ஏனாம்?"

"நானும் கேட்டேன். 'நான் வரேன்னு ரெண்டு தபா சொல்லிட்டேன் தம்பி. மனுசங்கன்னா மூணு தபா கூப்டுவாங்க, மூணாவது தபா கூப்ட்டா கெளம்பிடுவேன். அந்த நேரத்துல பொண்ணு இங்க இருந்தா யாரு பாத்துக்கறது?'ன்றாங்க." அவன் என் மேசையிலிருந்த லென்ஸ் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தான். "சரியா சாப்பிடறதில்லடா. ஒரு வாய் சோறு. பொடவையெல்லாம் எடுத்து யார் யாருக்குன்னு பிரிச்சி வெச்சிகீறாங்க. நேத்து என் பொண்டாட்டிகிட்ட அந்த மாம்பழக் கலர குடுத்துட்டாங்க. நான் வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கலாம். பெரிய பேஜாரா பூட்ச்சி."

"சோதனைய நிறுத்திடலாம்" என்றேன்.

"அத சொல்லாமயா இருப்பேன்? 'நிறுத்தாதீங்க, எப்ப கூப்ட்டாலும் நான் ரெடிதான்'ன்றாங்க. நிறுத்தினா ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தப் படியில குந்திகினு இருப்பாங்க. அப்பிடியே காஞ்சி பூடுவாங்க. சத்தம் அண்ணன் இல்ல, அட்டைன்னு நீ காட்டு. உனக்குத்தான் எதையும் காட்டத் தெரியும்."

எரிந்த இரண்டு குழல்களையும் அன்றே கடையில் நீளவாக்கில் அறுத்தேன். காரணம் உடனே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. துளையுள்ள அட்டையைச் சுருட்டிக் குழல் செய்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். பசை காய்ந்தால் துளை அடைபட்டுவிடும் என்று நினைத்திருந்தோம். அடைபடவில்லை. மருந்து கீழிருந்து மேலாக எரிந்துகொண்டு போகும்போது, குழலின் உட்சுவரில் துளைகள் வரிசை வரிசையாகத் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு துளையும் நெருப்புக் காற்றுக்கு ஒரு குட்டிச் சீழ்க்கை. புல்லாங்குழலை உள்ளிருந்து ஊதியதுபோல. புடவைக் கரையில் கோபுர உரு வரும் இடத்தில் துளைகள் நெருக்கமாக இருந்தன. அங்கே நீளக் கனைப்பு. கோபுரத்துக்கும் அடுத்த புட்டா என்னும் சின்னப் பூவுக்கும் நடுவில் துளையே இல்லாத இடம், அங்கே வெட்டு. புட்டாவில் குட்டைக் கனைப்பு. லேப்டாப் கோட்டில் பல் அறுந்த இடமும் அட்டையில் துளை இல்லாத இடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

அறுத்த பாதிகளை ஒரு தட்டில் வைத்து அண்ணியிடம் எடுத்துப் போனேன். பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். நாற்பது வருடம் நெசவுக்காரர் வீட்டில் இருந்தவர்; கோபுரத்தையும் புட்டாவையும் நான் காட்டுவதற்கு முன் அவர் விரல் தொட்டுவிட்டது.

"புரியுது தம்பி. காத்து இந்த ஓட்டையில பூந்து சத்தம் போடுது."

"ஆமா அண்ணி."

"ஓட்டை போட்டது யாரு?"

அவர் ஒரு துளையின் கரிந்த விளிம்பைச் சுண்டுவிரலால் துடைத்தார். "பத்தாயிரம் ஓட்டை போட்டிருப்பாரு. ஒவ்வொண்ணும் அவரு கையால. வாயில பேசாத மனுசன் வேற எப்பிடிக் கூப்பிடுவாரு?"

அடுத்த அமாவாசைக்கு வேறு ஊர்க்காரர் அடித்த அட்டையை வாங்கி வந்து குழல் செய்தோம். அந்த அட்டையும் சத்தம் போடும், அதைக் கேட்டால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். சத்தம் போட்டது. குக்கர் விசில்போல ஒரு கிறீச்சல். படியில் உட்கார்ந்திருந்த அண்ணி காதைப் பொத்திக்கொண்டார். முடிந்ததும், "இது அவரு இல்ல" என்றார். குரலில் ஏமாற்றம்கூட இல்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டியவரைத் திருப்பி அனுப்புவதுபோல் சொன்னார். வேறு அட்டையில் வேறு குரல் வந்ததே, அவருக்கு அது சாட்சியாகிவிட்டது. நான் நிலைமையை மோசமாக்கிவிட்டேன்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அண்ணனின் அட்டையிலேயே குழல் செய்ய வேண்டும். அது கூப்பிடக் கூடாது.

என் வாழ்க்கையில் எந்தப் பொருளையும் அவ்வளவு கவனமாக நான் செய்ததில்லை. துளைகளைச் சுண்ணாம்புப் பசையால் அடைத்துப் பார்த்தேன், காய்ந்ததும் உதிர்ந்தது. இரண்டு அட்டைகளைத் துளை மாற்றி ஒட்டிப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள் மிஞ்சின. கடைசியில் குழலுக்குள் இன்னொரு மெல்லிய குழல் செருகுவது என்று தீர்மானித்தேன். ஓட்டையோ மடிப்போ இல்லாத பழுப்புக் காகிதத்தை நெருக்கமாகச் சுருட்டி, மெழுகெண்ணெய் பூசி, உட்பக்கத்தைக் கண்ணாடி தேய்க்கும் நுண்தூளால் தேய்த்தேன். அதற்குள் விரல் விட்டால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. வேறு அட்டையில் இப்படி ஒன்று செய்து, வாயால் ஊதிப் பார்த்தேன். உள்குழல் இல்லாவிட்டால் சீழ்க்கை அடித்தது. உள்குழலோடு ஊதினால் மூச்சுச் சத்தம் மட்டும். ஆனால் நெருப்பில் அந்தக் காகிதம் எங்கேயாவது ஒரு கீறல் விட்டாலும் துளை திறந்துகொள்ளும், கனைப்பு வந்துவிடும். ஒரு குழலில் தாங்கிய காகிதம் அடுத்ததிலும் தாங்கும் என்று சொல்லமுடியாது; அந்தக் குழலையே எரித்துப் பார்க்காமல் அதை அறிய வழியில்லை. அண்ணனின் அட்டையோ இன்னும் ஒரு குழலுக்குத்தான் மிச்சமிருந்தது. எலி தின்றதுபோக, நாங்கள் எரித்ததுபோக.

அமாவாசைக்கு முந்தின நாள் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். "இது அண்ணனோட கடைசி அட்டை. ஓட்டையெல்லாம் உள்ள மூடிட்டேன். நாளைக்கு இது கூப்பிடாது. கூப்பிடலன்னா நீங்க எங்கயும் போகவேண்டாம். பொண்ணக் கூட்டிட்டு வரணும்."

"அவருக்கு வாயக் கட்டிட்டீங்களா?"

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

"சரி தம்பி. கூப்டலன்னா இருந்துடறேன்." உள்ளே போகத் திரும்பியவர், "மூடி வெச்சும் கூப்ட்டா?" என்றார்.

"கூப்பிடாது அண்ணி."

"கூப்ட்டா, பொண்ணுக்கு நீங்கதான் சொல்லணும்."

அந்த அமாவாசையன்று நண்பன் ஒரு கேலியும் பேசவில்லை. மோட்டாரைத் தொட்டிக்குள் நானே கட்டினேன். அண்ணி படியில் உட்காரவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் விலகும்வரை சுவிட்சைத் தொடமாட்டேன் என்றேன். படிக்குத் திரும்பினார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அன்று இலை போட்டுப் படைத்திருந்தாலும், அவர் தனக்கென்று எதுவும் எடுத்துவைக்கவில்லை. அடுப்படியில் ஒரே ஒரு இலைதான் இருந்தது என்று நண்பன் பிறகு சொன்னான்.

நான் சுவரின் பின்னால் போய்ச் சுவிட்சை அழுத்தினேன். லேப்டாப் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன மேடு. பிறகு சமதரை. கோடு வளையவே இல்லை. இத்தனை மாதம் நாங்கள் தேடியது அந்தக் கோடுதான். சீறல் ஒரே சீராக, குழாயில் தண்ணீர் விழுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. நீளக் கனைப்பு வரவேண்டிய இடம் கடந்தது. வெட்டு விழவேண்டிய இடம் கடந்தது. குட்டைக் கனைப்பின் இடமும் கடந்தது. கோடு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. சத்தம் நின்றது. தெரு முழுக்க ஒரு தறிகூட ஓடாத மதியம் எப்படி இருக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். காதில் பஞ்சு வைத்ததுபோல் இருக்கும்.

நான் நிமிர்ந்தேன். நண்பன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷப்பட வேண்டியவன் முகம் வெளுத்திருந்தது.

"யாருக்குடா சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"இப்ப நீ யாருக்கோ பதில் சொன்னியே."

நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவன் வாதாடவில்லை. அண்ணி படியிலிருந்து எழுந்து எங்களிடம் வந்தார். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பார்வையில் கவலை இருந்தது. கூடவே, நெடுநாள் சுமந்த மூட்டையை வேறொருவர் தலைக்கு மாற்றிவிட்டவரின் களைப்பும் இருந்தது. கையிலிருந்த டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"குடிங்க தம்பி."

குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை. தாகமாக இருந்தது.

"நீங்க எதுக்கு பதில் சொன்னீங்க? அவரு என்னத்தான கூப்ட்டாரு" என்றார். பிறகு உள்ளே போய், இன்னொரு இலையை அறுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு, பிறகு ரசம், பிறகு மோர். அடுப்படி வாசலில் நின்று நண்பன் அதைப் பார்த்தபடியே இருந்தான், அழுதுகொண்டு.

கைபேசிப் பதிவை அன்று மாலை கடையில் கேட்டேன். சீறல் ஒரே சீராகப் போகிறது. நீளக் கனைப்பின் இடத்தில் ஒன்றும் இல்லை. வெட்டின் இடத்தில் ஒன்றும் இல்லை. குட்டைக் கனைப்பு முடியவேண்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு ஆண்குரல், "தோ வரேன்" என்கிறது. பேச்சுவாக்கில் சொல்லும் குரல். என் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் "இதோ" என்றுதான் சொல்வேன், "தோ" என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஒலியைக் கூட்டி, குறைத்து, ஹெட்போன் போட்டு, எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். என் குரலுக்கு முன்னால் எதுவும் பதிவாகவில்லை. குழலையும் அறுத்துப் பார்த்தேன். உள்குழலில் ஒரு கீறல் இல்லை. அதன் பின்னால் அண்ணனின் துளைகள் கரி படாமல், அவர் அடித்த நாளில் இருந்ததுபோல் வெள்ளையாக இருந்தன.

அண்ணி போன் போட்டு மகளைக் கூப்பிட்டுக்கொண்டார். வளையல்கள் மறுபடி வாங்கப்பட்டன. பெண் குழந்தை. பிரித்து வைத்த புடவைகளை அண்ணி திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டதில் நண்பனின் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். அந்த மாம்பழக் கலர் அவருக்குப் பொருத்தமாக இருந்ததாம்.

உள்குழல் வைத்த மோட்டாரைத்தான் நாங்கள் இப்போதும் செய்கிறோம், துளையில்லாத புது அட்டையில். தேவிகாபுரத்தில் நண்பனின் உறவினர் ஒருவரின் தரிசு நிலத்தில் விட்ட ராக்கெட் நேராக மேலே போய், நேராகக் கீழே வந்தது. நண்பன் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினான். நானும் சிரித்தேன். இப்போது அமாவாசையன்று எதையும் எரிப்பதில்லை. கோடு நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் கடை திறக்கிறேன், லென்ஸ் தேய்க்கிறேன், இரவு படுக்குமுன் அன்றைய நாளை எழுதிவைக்கிறேன். ஒரு பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. கடைப் படியில் யாராவது வந்து தொண்டையைக் கனைத்தால் நான் நிமிர்வதில்லை. இரண்டாம் முறைக்கும் நிமிர்வதில்லை. கண்ணாடிக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று பஜாரில் பேசிக்கொள்கிறார்கள்.

அமாவாசை தோறும் மதியத்தில், படைத்து முடித்த சோற்றை ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு அண்ணி கடைக்கு வருகிறார். இடுப்பில் பேத்தி இருக்கும். படியேறுவதற்கு முன் தெருவிலேயே நின்றுகொள்வார். "தம்பி" என்பார். சற்றுப் பொறுத்து, "தம்பி" என்பார். நான் தலை குனிந்தபடியே இருப்பேன். அது அவருக்குத் தெரியும். குழந்தை சிணுங்கினாலும், வெயில் சுட்டாலும் அவசரப்படமாட்டார். மூன்றாவது முறையும் "தம்பி" என்று கூப்பிட்ட பிறகுதான் படியில் கால் வைப்பார்.